வாசல் வரை வந்த உரிமை

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரீகன் ஒரு வரவுசெலவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசின் செலவைக் குறைப்பதற்காகப் பல துறைகளின் விவகாரங்களை ஒன்றாக வாரிக் கட்டிய மூட்டை அது. புகையிலை விவசாயத்துக்கான விதிகள்கூட அதில் இருந்தன. அந்த மூட்டைக்குள் 9121 என்ற எண்ணோடு ஒரு சிறு பிரிவு இருந்தது. அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டத்திலிருந்து பணம் பெறும் எந்த மருத்துவமனையும், தன் அவசர சிகிச்சைப் பிரிவைத் தேடி வருகிற எவரையும் கையில் காசு இருக்கிறதா என்று பாராமல் பரிசோதிக்க வேண்டும். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்று தெரிந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவராமல் வெளியே அனுப்பக் கூடாது என்றது அந்தப் பிரிவு. எம்டாலா என்ற சுருக்கப் பெயரில் இன்று அழைக்கப்படும் சட்டம் இதுதான். அமெரிக்காவில் முதியோருக்கு மெடிகேர் இருக்கிறது. ஏழைகளில் ஒரு பகுதியினருக்கு மெடிகெய்டு என்ற இன்னொரு அரசுக் காப்பீடு இருக்கிறது. சிறைக் கைதிகளுக்கு உச்ச நீதிமன்றம் 1976இல் உறுதிசெய்த உரிமை இருக்கிறது. நீ யார் என்று கேட்காமல் சட்டம் திறந்து வைத்திருக்கும் வாசல் இது ஒன்றே. இதைக் கருணையின் தொடக்கமாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். சற்றுப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. ஏழை நோயாளிக்கு மருத்துவமனை பட்டிருந்த கடன், ஒரு நூற்றாண்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, கடைசியில் ஓர் அறையின் வாசற்படியில் வந்து நின்றது. அது மேலும் சுருங்காமல் 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. இதற்கு மேல் நீளாது என்று எல்லைக் கல் நட்டதும் அதே சட்டம்தான்.

அமெரிக்க மருத்துவமனையின் பிறப்பே தர்மத்தில்தான். நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை 1736இல் ஓர் ஏழையர் விடுதியின் மாடியில் ஆறு படுக்கைகளோடு தொடங்கியது. அந்தக் காலத்தில் வசதியுள்ளவர் எவரும் மருத்துவமனைக்குப் போகமாட்டார். மருத்துவர் அவர் வீட்டுக்கு வருவார். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவர் என்றால் போக்கிடம் இல்லாதவர் என்று பொருள். மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் எக்ஸ்ரேயும் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. வீட்டில் செய்ய முடியாத சிகிச்சைகள் மருத்துவமனையில் முடிந்தன. பணம் உள்ளவர்கள் அங்கே வரத் தொடங்கினார்கள். தர்மாஸ்பத்திரி கட்டண ஆஸ்பத்திரியாக மாறியது. 1929இல் டல்லஸ் நகரின் பேய்லர் மருத்துவமனை, பள்ளி ஆசிரியர்களிடம் மாதம் 50 செண்ட் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கு 21 நாள் படுக்கை தருவதாக ஒப்பந்தம் செய்தது. புளூ கிராஸ் காப்பீட்டின் விதை அது. இரண்டாம் உலகப் போரின்போது அரசு சம்பள உயர்வுக்குத் தடை போட்டது. ஆட்களைப் பிடித்து வைக்க முதலாளிகள் சம்பளத்துக்குப் பதிலாகக் காப்பீட்டைக் கொடுத்தார்கள். பிறகு வரிச்சலுகையும் சேர, காப்பீடு என்பது வேலையோடு ஒட்டிய சலுகையாகவே நிலைத்துவிட்டது. வேலை போனால் காப்பீடும் போகும். சிறு கடையில் தினக்கூலிக்கு நிற்பவருக்கு முதலிலிருந்தே இல்லை. காப்பீடு இல்லாதவர் என்றொரு தனி வகையினர் உருவானது இப்படித்தான்.

அப்படிப்பட்டவர் மருத்துவமனை வாசலில் நின்றால் சட்டம் என்ன சொன்னது? எதுவும் சொல்லவில்லை. ஆங்கிலேயரிடமிருந்து பெற்ற பொதுச் சட்ட மரபில், ஆபத்தில் இருக்கும் அந்நியனுக்கு உதவும் கடமை யாருக்கும் கிடையாது. மருத்துவருக்கும் அதே விதிதான். 1901இல் இண்டியானா மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. சாகக் கிடந்த ஒருவரின் குடும்ப மருத்துவரிடம் ஆள் அனுப்பி, கட்டணத்தையும் நீட்டி, வேறு மருத்துவர் கிடைக்கவில்லை என்று மன்றாடியும் அவர் வரவில்லை, காரணமும் சொல்லவில்லை. நோயாளி இறந்தார். உரிமம் பெற்றவர் மருத்துவம் பார்த்தே தீர வேண்டும் என்று உரிமம் கட்டாயப்படுத்தவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1934இல் அலபாமாவில், தொண்டை அடைப்பான் நோயோடு வந்த குழந்தைக்கு முதலுதவி மருந்து கொடுத்து, தொற்று நோயாளிகளைச் சேர்ப்பதில்லை என்று மருத்துவமனை திருப்பி அனுப்பியது. குழந்தை இறந்தது. மருத்துவமனைமேல் தவறில்லை என்றது தீர்ப்பு. 1961இல்தான் முதல் விரிசல் விழுந்தது. டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் பொது மருத்துவமனையில், கடும் காய்ச்சலோடு தூக்கி வரப்பட்ட நாலு மாதக் குழந்தையைச் செவிலியர் பார்க்க மறுத்தார். வேறு மருத்துவரின் கவனிப்பில் இருக்கும் குழந்தை என்பது காரணம். சில மணி நேரத்தில் நிமோனியாவால் குழந்தை போய்விட்டது. அவசரப் பிரிவு என்று பலகை வைத்து ஊரை நம்பவைத்த மருத்துவமனை, சந்தேகத்துக்கு இடமில்லாத ஆபத்தில் வந்தவரை விரட்டினால் அதற்குப் பொறுப்பேற்க வேண்டிவரும் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தத் தீர்ப்பு எழுப்பப்பட்ட அடித்தளத்தைக் கவனியுங்கள். நோயாளிக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. வேறிடம் தேடியிருக்கக்கூடிய நேரத்தை அந்தப் பலகை வீணாக்கியது என்றுதான் சொன்னது.

காசைப் போலவே நிறமும் கதவை அடைத்தது. ரத்த பிளாஸ்மாவைச் சேமிக்கும் முறையை வளர்த்த கறுப்பின மருத்துவர் சார்ல்ஸ் ட்ரூ, 1950 ஏப்ரல் 1 அன்று வட கரோலினாவில் கார் விபத்தில் இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை அவரைச் சேர்க்க மறுத்ததால்தான் இறந்தார் என்ற கதை பல பத்தாண்டுகள் உலவியது. இன்றும் சொல்பவர்கள் உண்டு. அது உண்மையன்று. அலமன்ஸ் மருத்துவமனையின் வெள்ளை மருத்துவர்கள் அவரைக் காப்பாற்ற முயன்றார்கள். காயம் அவ்வளவு மோசம். ஆனாலும் அந்த வதந்தி ஏன் அழியவில்லை என்பது வரலாற்றில் கேட்கத் தகுந்த கேள்வி. அதே மாநிலத்தில் அதே ஆண்டின் இறுதியில், விபத்தில் சிக்கிய ஓர் இளம் கறுப்பின மாணவர், கறுப்பருக்கான படுக்கை காலியில்லை என்று பெரிய மருத்துவமனை ஒன்றிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு இறந்தார். அவர் பெயர் ஊருக்குத் தெரியாது. பெயர் தெரியாத பலருக்கு நடந்ததை மக்கள் பெயர் தெரிந்த ஒருவர்மேல் ஏற்றிச் சொன்னார்கள்.

போருக்குப் பிறகு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. 1946இல் நிறைவேறிய ஹில்-பர்ட்டன் சட்டம், மருத்துவமனை கட்ட மாநிலங்களுக்குக் கூட்டாட்சி அரசின் பணத்தை அள்ளிக் கொடுத்தது. பணம் வாங்கிய மருத்துவமனை, கட்டணம் செலுத்த முடியாதவர்களுக்கு 'நியாயமான அளவு' இலவச சிகிச்சை தர வேண்டும் என்பது நிபந்தனை. இனவாரியாகத் தனித்தனிக் கட்டடம் கட்டிக்கொள்ளவும் அதே சட்டம் இடம் கொடுத்தது. அந்த இழிவை 1963இல்தான் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் துடைத்தது. நியாயமான அளவு என்றால் எவ்வளவு? ஏறத்தாழ கால் நூற்றாண்டு யாரும் அதை வரையறுக்கவில்லை, கணக்குக் கேட்கவுமில்லை. ஏழைகள் வழக்குத் தொடுத்த பிறகுதான் 1970களில் விதிகள் எழுதப்பட்டன. கட்டடங்கள் எழுந்துவிட்டன, கொடுத்த வாக்கு காகிதத்திலேயே கிடந்தது.

இந்தச் சுருக்கத்தின் உச்சம் என்று நான் கருதுவது 1969ஆம் ஆண்டு வருமானவரித் துறை வெளியிட்ட ஒரு விளக்கத்தை. வரலாற்று நூல்கள் அதற்கு அதிக இடம் தருவதில்லை. அதுவரை லாப நோக்கற்ற மருத்துவமனை வரிவிலக்குப் பெற, தன் சக்திக்கு ஏற்ற அளவு ஏழைகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை தர வேண்டும் என்ற 1956ஆம் ஆண்டு விதி இருந்தது. நடைமுறையில் எவ்வளவு பின்பற்றப்பட்டது என்பது வேறு விஷயம்; கொள்கையாவது இருந்தது. 1965இல் மெடிகேரும் மெடிகெய்டும் வந்தன. இனி ஏழைகளுக்கு அரசே பணம் கட்டும், தர்மத்துக்கு வேலை இருக்காது என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் 1969இல் விதி தளர்ந்தது. ஊருக்குப் பயன்படும் மருத்துவமனையாக இருந்தால் போதும். அப்படிப் பயன்படுவதற்குக் காட்டப்பட்ட முக்கிய அடையாளங்களில் ஒன்று, எல்லோருக்கும் திறந்திருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவு. வார்டு, அறுவை அரங்கம், வெளிநோயாளர் பிரிவு எல்லாவற்றின் மீதும் பரவியிருந்த கடமை இப்படி ஓர் அறைக்குள் வந்து அடங்கியது. கென்டக்கி மலைப்பகுதி ஏழைகளின் அமைப்பு ஒன்றும் வேறு சிலரும் இதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 1976இல் உச்ச நீதிமன்றம், வழக்குத் தொடரும் தகுதியே இவர்களுக்கு இல்லை என்று சொல்லி முடித்துவிட்டது. விதி சரியா தவறா என்பதற்குள் அது போகவே இல்லை.

அந்த அறையும் அதே காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. 1950கள் வரை அது பெரும்பாலும் பயிற்சி மருத்துவர்கள் முறைவைத்துப் பார்க்கும் ஒதுக்குப்புறமான விபத்து அறை. குடும்ப மருத்துவர்கள் இரவில் வீட்டுக்கு வருவதை நிறுத்த நிறுத்த அங்கே கூட்டம் ஏறியது. 1961இல் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா மருத்துவமனையில் ஜேம்ஸ் மில்ஸ் என்ற மருத்துவர் தன் சொந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு, சகாக்கள் சிலரோடு அந்த அறையில் முழுநேரமாக உட்காரத் தொடங்கினார். 1979இல் அவசர மருத்துவம் தனிச் சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது. வேறு இடமில்லாதவர்கள் வரும் அறை, நாட்டின் மிகத் திறமையான கைகள் சில வேலை செய்யும் அறையாகவும் ஆனது. அதன் செலவும் அதோடு ஏறியது.

1980களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்தது, வேலையின்மை ஏறியது, ரீகன் அரசு மெடிகெய்டு செலவைக் குறைத்தது. 1983இல் மெடிகேர், ஒவ்வொரு நோய்க்கும் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே விலை கட்டிவிட்டது. பணம் செலுத்துபவரிடம் கொஞ்சம் கூடுதலாக வாங்கி, செலுத்த முடியாதவரைப் பார்க்கும் பழைய கணக்கு இனி ஒட்டவில்லை. தனியார் மருத்துவமனைகள் கண்ட வழி ஆம்புலன்ஸ். காப்பீடு இல்லாதவர் வந்தால் அவரை வண்டியில் ஏற்றிக் கவுன்ட்டி எனப்படும் மாவட்ட அரசின் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் காலத்து அமெரிக்க மருத்துவர்களிடையே இதற்கு ஒரு சொல் இருந்தது: பணப்பை பயாப்ஸி. உடம்பிலிருந்து சதையை எடுத்துச் சோதிப்பதற்கு முன் சட்டைப்பையைச் சோதித்தார்கள். அனுப்பி வைப்பதற்கு வழங்கிய சொல் இன்னும் கொடியது. குப்பை வண்டி சரக்கைக் கொட்டுவதைச் சொல்லும் அதே சொல்தான். வாங்கிக்கொண்ட இடத்தில் இருந்தவர்கள்தான் இதை எண்ணத் தொடங்கினார்கள். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில், ஹைலண்ட் அரசு மருத்துவமனைக்கு ஆறு மாதத்தில் 14 தனியார் மருத்துவமனைகள் அனுப்பிய 458 பேரைப் பற்றி டேவிட் ஹிம்மல்ஸ்டீனும் ஸ்டெஃபி வூல்ஹேண்ட்லரும் சகாக்களோடு ஆய்வு செய்தார்கள். 63 சதவீதம் பேருக்கு எந்தக் காப்பீடும் இல்லை. தனியார் காப்பீடு இருந்தவர்கள் 3 சதவீதம் மட்டுமே.

சிகாகோவின் குக் கவுன்ட்டி மருத்துவமனையில் இந்தக் கணக்கு இன்னும் துல்லியமானது. 1937இல் அமெரிக்காவின் முதல் ரத்த வங்கியைத் திறந்த இடம் அது; நகரத்து ஏழைகளுக்கு அதுதான் பெரியாஸ்பத்திரி. நகரின் மற்ற மருத்துவமனைகளிலிருந்து அங்கே மாற்றி அனுப்பப்பட்டவர்கள் 1980இல் 1,295 பேர். 1983இல் 6,769 பேர். மூன்று ஆண்டுகளில் ஐந்து மடங்கு. ராபர்ட் ஷிஃப், டேவிட் ஆன்செல் முதலிய அங்கத்திய மருத்துவர்கள் 1983இன் இறுதியில் 42 நாள் வந்த 467 பேரை ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தார்கள். 87 சதவீதம் பேர் அனுப்பப்பட்டது போதிய காப்பீடு இல்லாததால். 89 சதவீதம் பேர் கறுப்பர் அல்லது ஹிஸ்பானியர். 81 சதவீதம் பேருக்கு வேலையில்லை. எழுத்து மூலம் சம்மதம் தந்தவர்கள் 6 சதவீதம். நாலில் ஒருவர் வண்டியில் ஏற்றப்படும்போதே நிலைகுலைந்த நிலையில் இருந்தார். 22 சதவீதம் பேரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க வேண்டியிருந்தது. பொது மருத்துவப் பிரிவில் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், மாற்றி அனுப்பப்பட்டவர்களில் 9.4 சதவீதம் இறந்தார்கள். நேராக வந்தவர்களில் 3.8 சதவீதம். நோய் முற்றியவர்களை அனுப்பியிருந்தால் சாவும் கூடத்தானே செய்யும் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது, அந்த வேறுபாடு முழுவதற்கும் வண்டிப் பயணம்தான் காரணம் என்று எண்களை வைத்து நிறுவ முடியாது. ஆனால் நோய் முற்றியவரைத்தான் அனுப்பினோம் என்பது அனுப்பியவர்களுக்குச் சாதகமான வாதமாகாது. நகர்த்தவே கூடாதவரை நகர்த்தினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. இந்த ஆய்வு 1986 பிப்ரவரி 27 அன்று வெளிவந்தது. ரீகனின் கையெழுத்துக்கு ஏறத்தாழ ஆறு வாரம் முந்தி.

டெக்சாஸ் இன்னும் சற்று முந்திக்கொண்டது. 1963இல் சுடப்பட்ட கென்னடியைக் கொண்டுவந்த டல்லஸ் பார்க்லாந்து மருத்துவமனையின் தலைவர் ரான் ஆண்டர்சன், தம் வாசலில் இறக்கப்பட்டவர்களின் நிலையை ஊரறியச் சொல்லிச் சொல்லி, 1985இல் மாநிலச் சட்டம் ஒன்று வரத் துணைநின்றார். வாஷிங்டனில் கலிபோர்னியாவின் பிரதிநிதிகள் அவை உறுப்பினர் பீட் ஸ்டார்க் முன்னின்றார். தனியாக வந்திருந்தால் எம்டாலா தோற்றிருக்கலாம்; வரவுசெலவு மூட்டைக்குள் இருந்ததால் கரையேறியது. அதற்கென்று ஒரு டாலர்கூட ஒதுக்கப்படவில்லை. செலவைக் குறைக்க வந்த சட்டத்துக்குள் அது நுழைய முடிந்ததற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

தீர்க்க வந்த துன்பத்தின் உருவத்தையே சட்டமும் எடுத்துக்கொண்டது. துன்பம் ஆம்புலன்ஸ் உருவத்தில் வந்தது. ஆகவே சட்டமும் ஆம்புலன்ஸைப் பற்றியே பேசியது. பரிசோதி, நிலைப்படுத்து, நிலைப்படுத்தாமல் மாற்றி அனுப்பாதே: இந்த மூன்றில் அது முடிகிறது. பயணத்தால் உடல்நிலை மோசமாகாது என்ற அளவுக்கு வந்துவிட்டாலே 'நிலைப்பட்டவர்' என்று பொருள். ஒடிந்த எலும்புக்குக் கட்டுப் போடுவார்கள். எலும்பு கூடியதா என்று பார்க்கும் மருத்துவரைத் தேடுவது நோயாளியின் பாடு. கட்டி இருக்கிறது என்று சொல்வார்கள். அதை எடுப்பது யார் என்று சட்டம் சொல்லாது. பணம் பற்றி 1989இல் சேர்ந்த திருத்தம், காப்பீட்டை விசாரிப்பதற்காகப் பரிசோதனையைத் தாமதிக்கக் கூடாது என்றது. பில் அனுப்பக் கூடாது என்று எங்கும் இல்லை. பிறகு வந்த பில்லும் சாதாரணமானதன்று. காப்பீட்டு நிறுவனங்கள் பேரம் பேசி விலையைக் குறைக்கும். தனியாக நிற்பவருக்கு மருத்துவமனையின் அச்சிட்ட முழு விலை. 2004ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்த ஜெரார்ட் ஆண்டர்சன், காப்பீட்டு நிறுவனங்கள் உண்மையில் கொடுத்ததைப் போல 2.5 மடங்கு விலை காப்பீடு இல்லாதவர்களிடம் கேட்கப்பட்டதாகக் கண்டார். இருப்பவனுக்குத் தள்ளுபடி, இல்லாதவனுக்கு முழு விலை. ஒபாமா காலத்தில் வந்த 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்தான் வரிவிலக்குப் பெற்ற மருத்துவமனைகளை நிதியுதவிக் கொள்கை எழுதிவைக்கச் சொல்லி, அந்த உதவிக்குத் தகுதி பெற்றவர்களிடம் முழு விலை கேட்பதைத் தடுத்தது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் முதலாவது, யாரும் சிகிச்சையின்றி விடப்படுவதில்லை என்பது. 2007இல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் கிளீவ்லாந்தில் பேசும்போது, அமெரிக்காவில் மருத்துவ வசதி எல்லோருக்கும் இருக்கிறது, எமர்ஜென்சிக்குப் போனால் போதும் என்ற பொருள்படச் சொன்னார். சட்டத்தின் வாசகத்தைப் படித்தவருக்கு இதற்குப் பதில் தேவைப்படாது. சர்க்கரை நோயாளிக்கு மாதாமாதம் இன்சுலின் தரும் அறையன்று அது. சர்க்கரை ஏறி மயங்கி விழுந்தால் தூக்கி நிறுத்தும் அறை. இரண்டாவது வாதம் நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது: இலவசம் என்று சட்டம் சொன்னதால் காப்பீடு இல்லாதவர்கள் சளிக்கும் இருமலுக்கும் அங்கே குவிகிறார்கள் என்பது. இதைச் சோதிக்க ஓரிகான் மாநிலம் தற்செயலாக ஒரு வாய்ப்பைத் தந்தது. 2008இல் மெடிகெய்டு இடங்கள் குறைவாக இருந்ததால், பெயர் கொடுத்த ஏறத்தாழ 90,000 பேருக்கு மாநிலம் குலுக்கல் நடத்தியது. சீட்டு விழுந்து காப்பீடு பெற்றவர்கள் அடுத்த 18 மாதத்தில் பெறாதவர்களைவிட 40 சதவீதம் அதிகமாக எமர்ஜென்சிக்குப் போனார்கள் என்று ஆய்வு கண்டது. காப்பீடு வந்தால் அந்த அறையில் கூட்டம் குறையும் என்று எதிர்பார்த்த என் போன்ற சிந்தனை உள்ளவர்களுக்கும் இது இடறலான முடிவுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூட்டத்துக்குக் காப்பீடு இல்லாதவர்களே காரணம் என்ற பழியை அது அடியோடு சாய்க்கிறது. பில்லுக்குப் பயந்து அவர்கள் வாசலுக்கு வராமலே இருந்திருக்கிறார்கள்.

மூன்றாவது வாதம் மருத்துவமனைகளுடையது. அதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். செய் என்று கட்டளை இட்ட அரசு, செய்வதற்குப் பணம் தரவில்லை. சுமை எல்லோர்மேலும் சமமாக விழவும் இல்லை. ஏழைகள் வாழும் பகுதியின் மருத்துவமனையில்தான் ஏழைகள் வந்து நிற்பார்கள். நகர்ப்புறங்களில் 1990இல் இருந்த 2,446 அவசரப் பிரிவுகள் 2009இல் 1,779 ஆகக் குறைந்தன. லாப நோக்கில் நடந்தவையும், ஏழைகள் மிகுந்த பகுதிகளில் இருந்தவையும் கூடுதலாக மூடப்பட்டன. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். லாப நோக்கற்ற மருத்துவமனைகளின் வரிவிலக்கு 2011இல் மட்டும் 2,460 கோடி டாலர் பெறும் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. பழைய கடனுக்கு ஈடாகக் கிடைத்த சலுகை அது. கடன் சுருங்கியபோது சலுகை சுருங்கவில்லை. கூலியில்லாமல் வேலை வாங்குவது அரசமைப்புக்கு முரண் என்ற வாதமும் நீதிமன்றத்துக்குப் போனது. 1986 டிசம்பரில் டெக்சாஸின் விக்டோரியா ஊரில், ரத்த அழுத்தம் 210/130 என்று இருந்த ஒரு பிரசவப் பெண்ணை, 170 மைல் தள்ளியிருந்த கால்வெஸ்டனுக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார் ஒரு மகப்பேறு மருத்துவர். 40 மைல் போவதற்குள் வண்டியிலேயே பிள்ளை பிறந்தது. அவருக்கு 20,000 டாலர் அபராதம். மெடிகேர் பணத்தை விரும்பித்தான் வாங்குகிறீர்கள், அதோடு வரும் நிபந்தனையை விரும்பாவிட்டால் வெளியேறலாம் என்று 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி சரியான பதில். மெடிகேரை விட்டால் பெரும்பாலான மருத்துவமனைகள் பிழைக்க முடியாது என்பதும் உண்மை. அந்தப் பிடிமானம்தான் சட்டத்துக்குப் பல்லைக் கொடுத்தது.

பணம் தராத கட்டளை என்றைக்கும் அப்படியே இருக்க முடியவில்லை. யாரோ ஒருவர் கட்டாத பில் வேறு யாருடைய தலையிலோ விழத்தான் செய்யும். 2008இல் இப்படிக் கட்டப்படாத சிகிச்சையின் செலவு 4,300 கோடி டாலர் என்று 2010ஆம் ஆண்டு ஒபாமா காலத்துச் சட்டம் தன் வாசகத்திலேயே குறித்தது. எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற அதன் கட்டளைக்கு இந்தச் செலவும் ஒரு நியாயம். வாசலில் வந்தவரை விரட்டக் கூடாது என்று முடிவு செய்துவிட்ட நாடு, அவர் பில்லை யார் கட்டுவது என்ற கேள்வியிலிருந்து நெடுங்காலம் தப்ப முடியாது. காப்பீடு இல்லாதவர்கள் 2010இல் சுமார் 4.8 கோடியாக இருந்து 2023இல் சுமார் 2.6 கோடியாகக் குறைந்தார்கள்.

மீதமுள்ள அந்த 2.6 கோடிக் கணக்கில்கூட வராத ஒரு சாரார் நம் வாசகர்களுக்கு நெருக்கமானவர்கள். பிள்ளையின் பிரசவத்துக்கும் பேரப்பிள்ளையைப் பார்க்கவும் ஆறு மாத விசாவில் போகும் தமிழகத்துப் பெற்றோர்கள் அவர்கள். மெடிகேரும் மெடிகெய்டும் அவர்களுக்கு இல்லை; பயணக் காப்பீடுகள் பலவும் ஏற்கெனவே உள்ள நோயைக் கழித்துவிடுகின்றன. நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எமர்ஜென்சிக்குப் போனால், குடியுரிமை கேட்காமல் உள்ளே அழைத்துப் போகக் கட்டாயப்படுத்துவது 1986இல் ரீகன் கையெழுத்திட்ட அந்தப் பிரிவுதான். பிறகு வரும் பில்லைக் கண்டு கலங்கி நிற்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவில் ஒரு வரியும் இல்லை.

உரிமை எங்கே முடிகிறது என்பதை மிகக் கூர்மையாகக் காட்டுவது டயாலிசிஸ். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவருக்கு வாரம் மூன்று முறை ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். 1972இலிருந்து அமெரிக்கர்களில் பெரும்பாலானோருக்கு அதை மெடிகேர் தருகிறது. ஆவணமில்லாமல் குடியேறியவர்களுக்கு அது கிடையாது. பல மாநிலங்களில் அவர்களுக்கு எஞ்சிய வழி எமர்ஜென்சி மட்டும். அங்கேயும் போனவுடன் இயந்திரத்தில் போடமாட்டார்கள். பரிசோதிப்பார்கள்; பொட்டாசியம் ஆபத்தான அளவைத் தொடவில்லை, மூச்சு இன்னும் திணறவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள். சட்டப்படி அவர் 'நிலைப்பட்டவர்'. நீர் கோத்து, மூச்சு முட்டி, இதயம் தடுமாறும் நிலையில் மறுபடி வந்தால் சுத்திகரித்து, உயிர் திரும்பியதும் அனுப்புவார்கள். அடுத்த வாரமும் இதே கதை. இப்படி அவசரத்துக்கு மட்டும் டயாலிசிஸ் பெற்ற டென்வர், ஹூஸ்டன் நோயாளிகளையும், முறையாகப் பெற்ற சான் பிரான்சிஸ்கோ நோயாளிகளையும் லிலியா செர்வான்டெஸ் என்ற மருத்துவர் சகாக்களோடு ஒப்பிட்டு 2018இல் எழுதினார். எல்லோரும் ஆவணமற்றவர்கள், நோய் ஒன்றே, இருந்த ஊர் மட்டுமே வேறு. ஐந்தாண்டுகளில் அவசர டயாலிசிஸ் பெற்றவர்களின் மரண அபாயம் மற்றவர்களுடையதைப் போல 14 மடங்கு. அவர்களைச் சாகும் தறுவாய்வரை காக்கவைத்துப் பார்த்த மருத்துவர்களும் செவிலியர்களும் அந்த ஆய்வை எடுத்துக்கொண்டு மாநில அதிகாரிகளிடம் போனார்கள். 2019 பிப்ரவரியில் கொலராடோ மாநிலம் தன் மெடிகெய்டு விதியில் அவசர நிலை என்ற சொல்லுக்கான விளக்கத்தைத் திருத்தியது. புதுச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. சிறுநீரகம் செயலிழந்திருப்பதே அவசர நிலைதான் என்று எழுதினார்கள். அந்த மாநிலத்து நோயாளிகள் வாரம் மூன்று முறை, குறித்த நேரத்தில், டயாலிசிஸ் நிலையத்தின் வாசல் வழியாகப் போகத் தொடங்கினார்கள்.